பெயரும் எல்லையும்: செய்நிரலாக்கக் கல்வி குறித்து ஒரு கண்டனம்

இற்றைநாளிற் கணனிக் கல்வி பற்றிப் பேச முற்படுவோர் ஒரு வாக்கியத்தைத் தவறாது சொல்லக் கேட்கிறோம். “செய்நிரல் மொழிகள் யாவும் அடிப்படையில் ஒன்றே, ஒன்றைச் செம்மையாகக் கற்றவனுக்கு மற்றவை வெறும் எழுத்து வேறுபாடுகள்” என்பதே அவ்வாக்கியம். விரிவுரை மண்டபத்திலும், பாடத்திட்டக் கூட்டங்களிலும், வேலை தேடும் பட்டதாரிக்கு வழங்கப்படும் அறிவுரையிலும் இது ஒரு மந்திரம் போல ஓதப்படுகின்றது. கேட்போர்க்கு இது ஆறுதலளிக்கின்றது. சொல்வோர்க்கு வேலையைக் குறைக்கின்றது. ஆனால் இது உண்மையன்று. உண்மையன்று என்பதோடு அமையாது, எமது மாணவரை ஒரு குறிப்பிட்ட வகையான அறியாமையிலே நிறுத்தி வைத்திருப்பதற்கும் இதுவே பெரிதும் காரணமாயுள்ளது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

அவ்வறியாமையை எடுத்துக்காட்டுவதற்கு மாறிகளின் ஆட்சியெல்லை என்னும் ஒரு பொருளை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்வோம். செய்நிரலிலே ஒரு பெறுமானத்துக்கு நாம் ஒரு பெயரை இடுகின்றோம். அதனை மாறி என்கின்றோம். இட்ட பெயர் செய்நிரலின் எப்பகுதியிலே தொடங்கி எப்பகுதிவரை அப்பொருளையே குறிக்கும், எவ்விடத்தில் மறைந்து வேறொன்றுக்கு இடம்விடும் என்பதே அதன் ஆட்சியெல்லை. ‘ஆட்சி’ என்னும் சொல் தமிழில் வழக்கையும் குறிக்கும், அதிகாரத்தையும் குறிக்கும். இரு பொருளும் இங்கே பொருந்துவதால் இச்சொல்லைக் கையாளுகின்றோம். பாடநூல்களிலே இப்பொருள் பெரும்பாலும் ஒன்றரைப் பக்கத்துள் அடங்கிவிடும். சார்பின் உள்ளே அறிவிக்கப்படுவது அகமாறி. வெளியே அறிவிக்கப்படுவது பொதுமாறி. பொதுமாறிகளைக் கூடியவரை தவிர்க்குக. இத்துடன் பாடம் முற்றும். பரீட்சையிலே இரண்டு புள்ளிகளுக்கு வரைவிலக்கணம் கேட்கப்படும், மாணவர் எழுதுவர், புள்ளி வழங்கப்படும், அதன்பின் எவரும் அதனை நினைப்பதில்லை.

இனி, சில வரிகளில் எழுதத்தக்க ஒரு சிறு செய்நிரலை எண்ணிக்கொள்ளுங்கள். முதலில், எந்தச் சார்புக்கும் உட்படாத வெளியிலே, ‘மொத்தம்’ என்னும் மாறிக்கு 10 என்னும் பெறுமானம் கொடுக்கப்படுகின்றது. அடுத்துக் ‘காட்டு’ என்றொரு சார்பு. மொத்தத்தின் பெறுமானத்தைத் திரையில் இடுவது மாத்திரமே அதன் பணி. பின்னர் ‘நடத்து’ என்றொரு சார்பு. அது தன்னுள்ளே மொத்தத்துக்கு 20 என்னும் பெறுமானத்தைக் கொடுத்துவிட்டுக் ‘காட்டு’ சார்பை அழைக்கின்றது. இறுதியாக வெளியிலிருந்து ‘நடத்து’ ஒருமுறையும், அதன்பின் ‘காட்டு’ ஒருமுறையும் அழைக்கப்படுகின்றன. திரையில் இரண்டு எண்கள் தோன்றவேண்டும். அவை யாவை?

பைதனிலே இதனை எழுதினால் 10, 10 என வரும். சார்பொன்றினுள் ஒரு பெயருக்குப் பெறுமானம் கொடுத்தல் என்னும் செயலே அப்பெயரை அச்சார்பின் அகமாறி ஆக்கிவிடும் என்பது பைதனின் விதி. ஆகவே ‘நடத்து’ வைத்திருக்கும் மொத்தம் வேறு; ‘காட்டு’ காணும் மொத்தம் வேறு. இதே சொற்களை இதே ஒழுங்கில் ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் எழுதினால் 20, 20 என வரும். அங்கே அறிவிப்புச் சொல் எதுவுமின்றிப் பெறுமானம் கொடுத்தால், வெளியிலே ஏற்கெனவே உள்ள மாறியே மாற்றப்படும். பீஎச்பீ மொழியிலோ இரண்டு எண்களும் வரமாட்டா, எச்சரிக்கைகளே வரும். வெளியிலுள்ள பெயரைக் காண விரும்பும் சார்பு அதனை வெளிப்படையாகக் கேட்டுப் பெறவேண்டும் என்பது அம்மொழியின் முடிவு. பாஷ் என்னும் கட்டளை மொழியிலே ‘நடத்து’ சார்பினுள் மொத்தத்தின் முன்னே ‘லோக்கல்’ என்ற சொல்லை இட்டு எழுதினால் 20, 10 என வரும். இதுவே எல்லாவற்றினும் வியப்புக்குரியது. மாறி அகமாறியென்று அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ‘நடத்து’ அழைத்த ‘காட்டு’ அந்த அகமாறியைக் காண்கின்றது. ‘நடத்து’ முடிந்தவுடன் பழைய 10 திரும்பிவிடுகின்றது.

நான்கு மொழிகள், நான்கு விடைகள். இவற்றுள் எதனையும் எழுத்து வேறுபாடு என்று தள்ளிவிட முடியுமா? அரைப்புள்ளி இடுவதா விடுவதா, அடைப்புக்குறி வளைந்ததா நெளிந்ததா என்பனவே எழுத்து வேறுபாடுகள். இங்கு வேறுபடுவது பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு. ‘ஒன்றைக் கற்றால் மற்றவை தாமே வரும்’ என்று போதிக்கப்பட்ட மாணவர் மேற்கூறிய செய்நிரலைப் பார்த்தவுடன் ஒரே விடையைச் சொல்வார். தாம் முதலிற் கற்ற மொழியின் விடையையே சொல்வார். அதனை மொழியின் விடை என்று அவர் அறியமாட்டார். கணனியின் இயற்கை என்றே நினைப்பார். தன் ஊர் வழக்கை உலக வழக்கென்று கொள்பவரின் நிலை இது.

இவ்விதிகள் இயற்கையிலிருந்து வந்தனவல்ல, இயந்திரத்திலிருந்தும் வந்தனவல்ல. கணனியின் நினைவகத்துக்கு அகமும் தெரியாது, பொதுவும் தெரியாது. முகவரிகள் மாத்திரமே உண்டு. எல்லையை வகுத்தோர் மனிதர். யார், எப்போது, எத்தகைய நெருக்கடியில், எதனை மனங்கொண்டு வகுத்தனர் என்பதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைக் கற்பியாது விதியை மாத்திரம் கற்பிப்பதாலேயே அது மனனம் செய்யவேண்டிய சுமையாகத் தோற்றுகின்றது.

பெயரின் எல்லை பற்றிய சிந்தனை கணனிக்கு முற்பட்டது. தொகையீட்டுக் குறியின் கீழ் வரும் எக்ஸ் என்னும் எழுத்து அக்குறிக்கு வெளியே பொருளற்றது என்பதைக் கணிதம் பயில்வோர் அறிவர். அதனை வை என்று மாற்றி எழுதினாலும் விடை மாறாது. 1879இல் கொட்லொப் ஃபிரேக தருக்கத்துக்கென ஒரு குறியீட்டு எழுத்தை அமைத்தபோது, ‘எல்லாம்’ என்னும் அளவுக்குறி எத்தனை தூரத்துக்குச் செல்லும் என்பதைத் தெளிவாக வரையறுத்தார். 1930களில் அலொன்சோ சேர்ச் வகுத்த லம்டா நுண்கணிதத்திலே கட்டுண்ட மாறி, கட்டற்ற மாறி என்னும் பாகுபாடு அடிப்படையானது. ஆகவே, முதற் செய்நிரல் மொழிகள் தோன்றிய காலத்திலே இவ்விடயம் கோட்பாட்டளவில் ஏறத்தாழத் தீர்க்கப்பட்டே இருந்தது. ஆயினும் முதல் மொழிகள் அதனை மேற்கொண்டில. காரணம் எளிது: அவற்றை ஆக்கியோரின் கவலை நினைவகத்தின் அளவும் ஓட்டத்தின் வேகமுமே.

1957இல் வெளிவந்த போர்ட்றான் இதற்குச் சான்று. அடுத்த ஆண்டு வந்த அதன் இரண்டாம் வடிவத்திலே துணைச் செய்நிரல்கள் சேர்ந்தன. ஒவ்வொரு துணைச் செய்நிரலும் தனக்கெனப் பெயர்களை வைத்திருந்தது; பகிரவேண்டியவற்றைக் ‘கொமன்’ என்னும் பொதுத் தொகுதியில் இட்டனர். இத்தொகுதியிலே பகிரப்பட்டது பெயரன்று. இடமே பகிரப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. ஒரு பகுதியிலே முதலாவதாக எழுதப்பட்ட மாறியும் இன்னொரு பகுதியிலே முதலாவதாக எழுதப்பட்ட மாறியும், பெயர்கள் முற்றிலும் வேறாயினும், நினைவகத்தின் ஒரே இடத்தைக் குறித்தன. ஓரிடத்தில் வரிசையை மாற்றியவர் மற்றோரிடத்தில் மாற்ற மறந்தால், வெப்பநிலை அழுத்தமாகிவிடும். தொகுப்பி வாய் திறவாது. 1964இல் டாட்மத் கல்லூரியிலே மாணவர்க்கென ஆக்கப்பட்ட பேசிக் மொழியோ இதனினும் எளிமையானது: துணைப்பகுதிகளுக்கென அகமாறியே இல்லை. ஓர் எழுத்து, அல்லது ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும். ஆக 286 பெயர்கள், அனைத்தும் அனைவர்க்கும் பொது. கோபோலின் கதையும் நெடுங்காலம் இதுவே.

எல்லையை முதன்முதலில் ஒழுங்காக வகுத்த மொழி அல்கோல் 60. பீற்றர் நவுர் பதிப்பித்து 1960இல் வெளிவந்த அதன் அறிக்கை சில பக்கங்களே கொண்டது. ஆயினும் பின்வந்த மொழிகளுட் பெரும்பாலானவை அதற்குக் கடன்பட்டுள்ளன. ‘தொடங்கு’, ‘முடி’ என்னும் இரு சொற்களுக்கிடையே அமைவது ஒரு தொகுதி; தொகுதிக்குள்ளே தொகுதி அமையலாம்; உள்ளே அறிவிக்கப்பட்ட பெயர் வெளியே செல்லாது; வெளியிலுள்ள பெயர், உள்ளே அதே பெயர் மீண்டும் அறிவிக்கப்பட்டாலன்றி, உள்ளே வரும். இவ்வொழுங்கின் சிறப்பு யாது? ஒரு பெயர் எதனைக் குறிக்கின்றது என்பதை அறியச் செய்நிரலை ஓட்டிப் பார்க்கவேண்டியதில்லை. தாளிலே எழுதப்பட்டதை வாசித்தாற் போதும். இதனை எழுத்துவழி எல்லை என்போம்.

இதற்கு மறுதலையானது அழைப்புவழி எல்லை. 1958 தொடக்கம் ஜோன் மக்கார்த்தி ஆக்கிய லிஸ்ப் மொழியிலே சார்பொன்றில் வரும் கட்டற்ற பெயரின் பொருள், அச்சார்பு எங்கே எழுதப்பட்டது என்பதைப் பொறுத்ததன்று. யார் அதனை அழைத்தார் என்பதைப் பொறுத்தது. ஊர்வழக்கொன்றால் இதனை விளக்கலாம். பருத்தித்துறையிலே பிறந்து வளர்ந்தவர் ‘பெரியாஸ்பத்திரி’ என்றால் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியைக் குறிப்பார். அவரே கொழும்பிலுள்ள ஒருவரின் வீட்டிலிருந்து அச்சொல்லைக் கூறினால் எதனைக் கொள்வது? பிறந்த ஊரைக் கொண்டு பொருள் கொள்வது எழுத்துவழி. அழைத்தவரின் ஊரைக் கொண்டு பொருள் கொள்வது அழைப்புவழி. அழைப்புவழியிலே ஒரே சார்பு இன்று ஒன்றையும் நாளை வேறொன்றையும் குறிக்கலாம். அதனை எழுதியவர் அதுபற்றி எதுவும் செய்வதற்கில்லை. மேலே பாஷ் மொழியில் 20, 10 என்னும் விடை வந்தது இதனாலேயே.

லிஸ்ப் இதனைத் தெரிந்து மேற்கொண்டதா எனின், இல்லை. சார்புகளை உள்ளீடாகப் பெறும் ஒரு செய்நிரல் தவறான விடை தந்தபோது அதனை விரைவிலே திருத்தத்தக்க ஒரு சாதாரண வழுவென்றே தாம் கருதியதாக, 1978இல் லிஸ்பின் வரலாற்றை எழுதியபோது மக்கார்த்தி குறிப்பிட்டுள்ளார். அவ்வழு விரைவிலே திருந்தவில்லை. 1975இல் சஸ்மனும் ஸ்டீலும் ஸ்கீம் என்னும் கிளைமொழியை ஆக்கியபோதே எழுத்துவழி எல்லை லிஸ்ப் குடும்பத்திலே உறுதியாகக் காலூன்றியது. ஈமக்ஸ் என்னும் தொகுப்புக் கருவியின் லிஸ்ப் மொழியிலோ, எழுத்துவழியைத் தெரிவு செய்யும் வசதிகூட 2012இல் வந்த 24ஆம் பதிப்பிலேயே கிடைத்தது. பேர்ள் மொழி 1994இல் வந்த ஐந்தாம் பதிப்பிலே ‘மை’ என்ற சொல்லைப் புகுத்தியது. அதற்கு முன்னிருந்த ‘லோக்கல்’ அழைப்புவழியானது. பெயரளவில் அகம், நடைமுறையில் அழைத்தவரிடமிருந்து அழைக்கப்பட்டவரிடம் கசிவது. அகமாறி, பொதுமாறி என்னும் ஈரடி வரைவிலக்கணத்தை மனனம் செய்த மாணவருக்கு இச்சொல்லின் வஞ்சகம் எவ்வாறு புலப்படும்?

தமிழ் இலக்கணம் பயிலும் நண்பர்களுக்கு இவ்விடயம் முற்றிலும் அந்நியமானதன்று. ஒரு சூத்திரத்தில் நின்ற சொல் பின்வரும் சூத்திரங்களிலும் சென்று பொருள் தருவதை உரையாசிரியர்கள் அதிகாரம் என்பர். அரசன் ஓரிடத்திருந்தே தன் நிலமுழுதும் ஆணை செலுத்துவதுபோல் ஒரு வகை. படைத்தலைவன் தானே சென்று நடத்துவதுபோல் மற்றொரு வகை என அதனை அவர்கள் விளக்குவர். ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு என நன்னூல் கூறும் சூத்திர நிலைகள், ஒரு சூத்திரம் தன் முன்னும் பின்னும் உள்ளவற்றோடு எவ்வாறு தொடர்புறுகின்றது என்பதை வகைப்படுத்துவன. இவற்றைக் கொண்டு தொல்லாசிரியர் கணனியை அறிந்திருந்தனர் என்று முழங்கப் புறப்படுவோர் தயவுசெய்து இச்சஞ்சிகையை விட்டுவைப்பாராக. நாம் கூறுவது அதுவன்று. ஒரு சொல் எதுவரை செல்லும் என்பதை எழுதப்பட்ட நூலைக் கொண்டே துணியவேண்டும் என்னும் கடப்பாடு எமது வாசிப்பு மரபிலே இருந்தது. அதனை ஒரு விதியாக மாத்திரமன்றி விவாதமாகவும் உரைகள் நடத்தின என்பதே. அவ்விவாதத்தைக் கணனி வகுப்பறையிலே காணோம்.

இன்று மாணவரிடையே பெருவழக்குப் பெற்றுள்ள இரு மொழிகளுக்கு வருவோம். 1995இல் நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் முதல் வடிவத்தைப் பத்து நாள்களில் ஆக்கினார் என்பது பலரறிந்த செய்தி. சார்புகள் தாம் பிறந்த இடத்துப் பெயர்களைத் தம்மோடு எடுத்துச் செல்லும் பண்பை அவர் ஸ்கீமிலிருந்து பெற்றார். அது நல்ல மரபு. ஆனால் ‘வார்’ என்னும் சொல்லால் அறிவிக்கப்படும் மாறிக்குத் தொகுதியெல்லை கிடையாது, சார்பெல்லை மாத்திரமே. நிபந்தனைக் கூற்றொன்றின் அடைப்புக்குறிக்குள் அறிவிக்கப்பட்ட மாறி அச்சார்பு முழுவதிலும் உலாவும். அறிவிக்காமலே பெறுமானம் கொடுத்தால், வெளியே எங்கும் அப்பெயர் இல்லாவிடத்து, புதிதாக ஒரு பொதுமாறி பிறந்துவிடும். எழுத்துப்பிழை ஒன்று போதும், ஒரு பொதுமாறியைப் படைக்க. 2009இல் வந்த கண்டிப்பு முறை இதனைப் பிழையாக்கியது; 2015இல் வந்த ‘லெற்’, ‘கொன்ஸ்ற்’ ஆகிய சொற்கள் தொகுதியெல்லையைத் தந்தன. பத்து நாள்களில் எடுத்த முடிவைத் திருத்த இருபது ஆண்டுகள் சென்றன. பழைய சொல் இன்றும் நீக்கப்படவில்லை; அதனை நீக்கினால் உலகின் எண்ணற்ற பக்கங்கள் இயங்காது போய்விடும்.

பைதனின் வரலாறு வேறு. அறிவிப்புச் சொல்லே வேண்டாம் என்று அது முடிவு செய்தது. எழுதுவதற்கு இனிது, ஆனால் அதன் விலையை வாசிப்பவரே செலுத்துகின்றார். ஒரு சார்பின் முதல் வரியிலே வெளியிலுள்ள மொத்தத்தைத் திரையிலிட்டு, இறுதி வரியிலே அதே பெயருக்குப் புதுப் பெறுமானம் கொடுக்கும்படி எழுதினால், பிழை முதல் வரியிலேயே தோன்றும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக நடக்கும் என்று கற்பிக்கப்பட்ட மாணவர் திகைப்பர்: இன்னும் வராத ஒரு வரி வந்துவிட்ட வரியை எவ்வாறு கெடுக்கும்? ஆட்சியெல்லை ஓட்டத்தைப் பொறுத்ததன்று, எழுத்தைப் பொறுத்தது. சார்பு முழுவதையும் பார்த்தே பைதன் மொத்தத்தை அகமாறி எனத் துணிந்துவிட்டது என்று ஒரு வாக்கியம் சொன்னால் திகைப்புத் தீரும். அவ்வாக்கியம் எத்தனை வகுப்புகளிற் சொல்லப்படுகின்றது? பெரும்பாலும் சொல்லப்படுவது, “மேலே ‘குளோபல்’ என்று ஒரு வரி சேர், சரியாகிவிடும்” என்பதே. பொதுமாறியைத் தவிர்க்குக என்று திங்கட்கிழமை போதித்துவிட்டு, பிழை மறையவேண்டுமாயின் பொதுமாறி ஆக்குக என்று செவ்வாய்க்கிழமை போதிக்கின்றோம். சார்புக்குள் அமைந்த சார்பு, தன்னைச் சூழ்ந்த சார்பின் பெயரைக் காணும் வசதியைப் பைதன் 2001இலேயே பெற்றது. அப்பெயரை மாற்றும் வசதி 2008இல் மூன்றாம் பதிப்போடு வந்தது. மொழியை ஆக்கியோரே பல ஆண்டுகள் எண்ணிச் சீர்செய்த ஒன்றை நாம் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றோம்.

‘இவையெல்லாம் நுண்ணிய சர்ச்சைகள், நடைமுறையில் இவற்றால் யாருக்கு என்ன?’ என்று கேட்போர் உளர். அவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுவோம்.

இணையத்தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெற்ஸ் என்கிறிப்ற் என்னும் அமைப்பு, 2020 பெப்ரவரி இறுதியிலே தன் செய்நிரலில் ஒரு வழுவைக் கண்டது. ஒரு விண்ணப்பத்திலே பல தளப்பெயர்கள் இருந்து, அவற்றை மறுபடி சோதிக்கவேண்டி வந்தால், ஒவ்வொன்றையும் ஒருமுறை சோதிப்பதற்குப் பதிலாக, ஒரே பெயரை அத்தனை முறையும் அது சோதித்துக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் மூன்று மில்லியனுக்கு மேல். வழுவின் மூலம் யாது? அச்செய்நிரல் எழுதப்பட்ட கோ மொழியிலே, சுழற்சிக் கூற்றின் மாறி சுழற்சி முழுவதற்கும் ஒன்றே. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறி பிறப்பதில்லை. அம்மாறியின் முகவரியை எடுத்து வைத்தவர், ஒவ்வொரு சுற்றிலும் வெவ்வேறு பொருளை எடுத்துவைத்ததாக எண்ணினார். எடுத்து வைத்ததோ ஒரே பொருளின் முகவரியை. இத்தகைய வழுக்கள் பெருகவே, கோ மொழியினர் 2024இல் வந்த 1.22ஆம் பதிப்பிலே தம் விதியையே மாற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது மாறி என்று வகுத்தனர். சீ ஷார்ப் மொழி தன் சுழற்சிக் கூற்றொன்றிலே இதே திருத்தத்தை 2012இலேயே செய்தது. ஒரு மொழி தன் பழைய விதியை உடைத்துத் திருத்துவது எளிதான காரியமன்று. அதற்குத் துணிந்தனரென்றால், சிக்கல் மாணவரின் கவனக்குறைவு மாத்திரமன்று என்பது தெளிவு.

மற்றையது உயிரோடு சம்பந்தப்பட்டது. தெராக்-25 என்னும் கதிர்ச்சிகிச்சை இயந்திரம் 1985 யூன் தொடக்கம் 1987 சனவரி வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளருக்கு அளவிறந்த கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தனர். 1993இல் நான்சி லெவ்சனும் கிளார்க் ரேர்னரும் வெளியிட்ட ஆய்வு, ஒரே நேரத்தில் இயங்கும் பல பணிகள் பொதுவான மாறிகளைக் கட்டுப்பாடின்றி வாசித்தும் எழுதியும் வந்ததை வெளிக்கொணர்ந்தது. அவற்றுள் ஒரு மாறி ஓர் எட்டுத்துணுக்கு இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. ‘இன்னும் சோதிக்கவேண்டும்’ என்பதைத் தெரிவிக்க ஒரு பணி அதன் பெறுமானத்தை ஒவ்வொன்றாகக் கூட்டியது. பூச்சியமாயின் சோதனை தேவையில்லை என்று இன்னொரு பணி கொண்டது. எட்டுத் துணுக்குகளில் 255க்கு மேற் செல்ல இடமில்லை. ஆகவே 256ஆம் முறை அது பூச்சியமாகும். அக்கணத்திலே இயக்குநர் விசையை அழுத்தினால் சோதனை நடவாது. இவ்விபத்துக்களுக்குப் பொதுமாறியே தனிக்காரணம் என்று கூறுவது நேர்மையன்று. வன்பொருட் பாதுகாப்புக்களை நீக்கியதும், முறைப்பாடுகளை அலட்சியம் செய்ததும் பெருங் காரணங்கள் என்பதை அவ்வாய்வே வற்புறுத்துகின்றது. ஆயினும், இப்பெயரைத் தொடக்கூடியவர் யார், தொடக்கூடாதவர் யார் என்னும் வினாவை அச்செய்நிரலிலே யாரும் கண்டிப்பாகக் கேட்டிலர். ஆட்சியெல்லை என்பது அவ்வினாவே.

இவ்விடத்தில் எமது பாடநூல்களின் ஒரே உபதேசமான ‘பொதுமாறியைத் தவிர்க்குக’ என்பதையும் சற்று நோக்கவேண்டும். 1973இல் வுல்ஃபும் மேரி ஷோவும் பொதுமாறி தீங்கானதென ஒரு கட்டுரை எழுதினர். அவர்கள் அதனை வாதமாக முன்வைத்தனர். நாம் அதனைக் கட்டளையாகச் சுருக்கிவிட்டோம். கட்டளையாகச் சுருங்கியதன் பயன் யாது? ஜாவா பயிலும் மாணவர் பொதுமாறி எழுதுவதில்லை என்று பெருமிதங் கொள்கின்றனர். அவர்தம் செய்நிரலைத் திறந்து பார்த்தால் ஒரே வகுப்பு, இரண்டாயிரம் வரிகள், அறுபது சார்புகள், அனைத்தும் தொட்டு மாற்றும் முப்பது புலங்கள். பெயர் மாறிவிட்டது, நோய் மாறவில்லை. அவ்வகுப்பினுள்ளே ஒவ்வொரு புலமும் ஒரு பொதுமாறியே. மறுபுறத்தில், ஒருபோதும் மாறாத ஒரு மாறிலியை எல்லோர்க்கும் பொதுவாக வைப்பதில் எத்தீங்கும் இல்லை. அதனையும் தவறென்று புள்ளி குறைக்கும் திருத்துநர் உளர். எல்லையின் நோக்கம் அறியாதவிடத்து எல்லையைப் பற்றிய கட்டளை இவ்வாறுதான் நடைமுறையாகும்.

எதிர்வாதங்களுள் வலுவானது ஒன்றுண்டு. முதலாமாண்டு மாணவர் ஒரு மொழியையே தட்டுத்தடுமாறிக் கற்கின்றனர். நான்கு மொழிகளை ஒருங்கே காட்டினால் குழம்பிவிடுவர் என்பர். இது அக்கறையோடு கூறப்படுவதால் மதிக்கத்தக்கது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. உயர்தர வகுப்பிலே பைதன் பயின்று வருவோர் பலர் முதலாமாண்டிலே சீ மொழியையோ ஜாவாவையோ எதிர்கொள்கின்றனர். சுழற்சி முடிந்த பின்னும் சுழற்சி மாறி உயிரோடிருக்கும் பைதனின் வழக்கத்தோடு அவர்கள் ஜாவாவுக்கு வந்து, அம்மாறி இல்லையென்று தொகுப்பி கூறக் கேட்கின்றனர். உள் தொகுதியிலே வெளிப் பெயரை மீண்டும் அறிவிக்கச் சீ மொழி இடந்தருகின்றது. ஒரே சார்பின் அகமாறிகளுக்கு ஜாவா அதனை மறுக்கின்றது. குழப்பம் ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்குப் பெயரிட்டு விளக்குவதா, ஒவ்வொருவரும் நள்ளிரவில் தனித்திருந்து பிழைச் செய்தியோடு மல்லாடட்டும் என விடுவதா என்பதே எம்முன் உள்ள தெரிவு.

‘எல்லாவற்றையும் இனிச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும், மாணவர் இவற்றை அறிவதேன்?’ என்னும் புதுக்குரலும் இப்போது கேட்கின்றது. அது எழுதித் தருவதனை யார் வாசிப்பது? தான் எழுதாத செய்நிரலை வாசித்து, ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது, எவரெல்லாம் அதனை மாற்றுவர் என்று துணிவதே இனிமேற் பட்டதாரியின் பெரும்பணியாகப் போகின்றது. எழுதுவதைக் குறைக்கும் கருவி வாசிப்பின் சுமையைக் கூட்டுகின்றது. வாசிப்பதற்கு எமது பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரந்தானும் ஒதுக்கப்பட்டுள்ளதா?

நாம் வேண்டுவது பெரிதன்று. முதலாமாண்டின் இரண்டாம் பருவத்திலே ஒரு வாரம். மேலே காட்டிய சிறு செய்நிரலையே எடுத்துக்கொள்ளலாம். விரிவுரையாளர் அதனைப் பைதன், ஜாவாஸ்கிரிப்ற், பீஎச்பீ, பாஷ் ஆகிய நான்கிலும் அவ்வம்மொழி ஏற்கும் எழுத்தில் எழுதி, ஓட்டுவதற்கு முன் விடையைத் தாளிலே எழுதுமாறு மாணவரைக் கேட்கட்டும். பின்னர் ஓட்டட்டும். வேறுபாடு தோன்றியதும் விதியைச் சொல்லாது, இம்மொழியினர் ஏன் இவ்வாறு முடிவு செய்திருப்பர், இம்முடிவால் யாருக்கு இலாபம், எழுதுபவருக்கா வாசிப்பவருக்கா என்று விவாதிக்கச் செய்யட்டும். மூன்றாம் நாளிலே, மாணவரின் சொந்தப் பயிற்சிச் செய்நிரலொன்றை எடுத்து, ஒவ்வொரு மாறியின் பெயருக்கெதிரே அதனைத் தொடும் சார்புகளின் பெயர்களை எழுதச் சொல்லட்டும். அப்பட்டியலின் நீளமே பலவற்றைக் கூறிவிடும், உபதேசம் தேவைப்படாது.

பரீட்சை வினாவும் அதற்கேற்ப மாறவேண்டும். ‘அகமாறி, பொதுமாறி: வேறுபாடு தருக’ என்பதற்குப் பதிலாக, அறிமுகமற்ற ஒரு மொழியின் ஆட்சியெல்லை விதியை மூன்று வரிகளில் வினாத்தாளிலேயே கொடுத்து, ஒரு சிறு செய்நிரலின் வெளியீட்டை அவ்விதியின்படி கணிக்குமாறும், அவ்விதியை மாற்றினால் எவ்வரியின் பொருள் மாறும் என்று காட்டுமாறும் கேட்கலாம். கடந்தகால வினாத்தாள்களை மனனம் செய்து இதற்கு விடையெழுத முடியாது. ஒரு வாரத்துக்கு இடமில்லை என்று கூறும் பாடத்திட்டக் குழுவினர், கட்டளைச் சொற்களின் பட்டியலை ஒப்புவிக்கும் இரண்டு விரிவுரைகளை நீக்கினால் அந்த வாரம் கிடைத்துவிடும். அப்பட்டியலை எந்தக் கணனியும் ஒரு நொடியிலே காட்டும்.